நானே கேட்டு ஓட்டினால் சங்கம் ஏன் தடுக்கிறது?

கோத்தகிரியில் பார்சல் வேன் ஓட்டும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவர் வேலை பார்க்கும் இடத்தில் சங்கம் இருக்கிறது, நிர்வாகத்தோடு ஒப்பந்தமும் இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் இரட்டைக் கூலி. எப்படியானாலும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சீசன் தொடங்கியதும் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டுகிறார். ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் கூடுதல் டிரிப் எடுக்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டால் சாயங்காலம் இன்னொரு டிரிப், அதற்கு 400 ரூபாய் பேட்டா. ஐந்து பேர் போட்டுவிட்டார்கள். வீட்டுக் கடன் இருப்பதால் இவருக்கும் போட ஆசை. சங்கச் செயலாளரோ, ‘போட்டால் உனக்கு இங்கே இடமில்லை’ என்கிறார். ‘என் உடம்பு, என் தேவை. நானே கேட்டு ஓட்டினால் சங்கத்துக்கு என்ன? அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் எனக்குள்ள பாதுகாப்பு போய்விடுமா?’ என்று கேட்கிறார் தம்பி.

சுருக்கமான பதில்: கையெழுத்துப் போட்டாலும் சட்டம் தரும் பாதுகாப்பு போகாது. தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் அந்தத் தாளுக்குத்தான் மதிப்பிருக்காது. ஆனால் உங்கள் செயலாளர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. கூடுதலாக ஓட்ட ஆசைப்படுவது குற்றமில்லை. எந்த எல்லைக்குள், எந்தக் கூலிக்கு, எந்த முறையில் என்பதைத்தான் பேச வேண்டும். நான் இந்த நீலகிரி மலையில் 29 வருடம் வண்டி ஓட்டியவன், அதில் 11 வருடம் சங்கப் பொறுப்பிலும் இருந்தவன். சங்கக்காரனாக ஒரு தப்பும் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். டிரைவர்களுக்கென்றே வந்தது 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த நிறுவனம் அதற்குள் வந்தது. அந்தச் சட்டம் 2025இல் புதிய தொகுப்பு ஒன்றில் அடங்கிவிட்டது, அதைக் கீழே சொல்கிறேன். ஆளைக் குறைத்து வைத்துக்கொண்டு தப்பிக்கலாம் என்று நினைக்கும் முதலாளிகளுக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு இருக்கிறது. போக்குவரத்து வாகனம் ஓட்டுகிற எவருடைய வேலை நேரமும் அந்த 1961 சட்டத்தில் உள்ளபடிதான் என்கிறது அது.

நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. நீண்ட தூர ரூட், பண்டிகைக் காலம் போன்றவற்றுக்கு அதிகாரியின் அனுமதியோடு நாளைக்குப் பத்து, வாரத்துக்கு 54 வரை போகலாம். எட்டுக்கு மேற்பட்டதற்கு இரட்டைக் கூலி. இதில் நாளைக்குப் பத்து என்பது எல்லாருக்கும் நினைவிருக்கிறது, வாரத்துக்கு 54 என்பதை யாரும் பார்ப்பதில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் பத்து மணி நேரம் ஓட்டினால் 50 முடிந்துவிட்டது. சனிக்கிழமைக்கு மிச்சம் நாலு மணி நேரம்தான். சனிக்கிழமையும் முழு நாள் ஓட்டிவிட்டு ‘பத்தைத் தாண்டவில்லையே’ என்று சொல்வது கணக்கில் பாதியை மறைப்பது.

உங்கள் சாயங்கால டிரிப்பைத் தடுக்கிற விதி இன்னொன்று. காலையில் டூட்டியில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை, நடுவில் எவ்வளவு நேரம் சும்மா இருந்தாலும், மொத்தம் 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஹப்பில் (பார்சல் வந்து சேரும் கிடங்கில்) கையெழுத்து என்றால் மாலை ஆறோடு முடிந்தது. மத்தியானம் இரண்டு மணி நேரம் வீட்டில் போய்ப் படுத்தேன் என்பது இங்கே எடுபடாது. ஏழு மணிக்கு ஒரு டிரிப் ஏற்றிவிட்டால், மொத்தம் ஓட்டியது ஒன்பது மணி நேரம்தான் என்றாலும் சட்டத்தை மீறியாயிற்று.

அப்புறம் ஓய்வு. ஒரு நாள் டூட்டி முடிந்ததற்கும் மறுநாள் டூட்டி தொடங்குவதற்கும் நடுவே தொடர்ந்து ஒன்பது மணி நேரம் இருக்க வேண்டும். ராத்திரி பத்தரைக்கு வண்டியை விட்டால் மறுநாள் காலை ஏழரைக்கு முன்னால் கூப்பிடக் கூடாது. கோயம்புத்தூர் லோடு விடிகாலை ஐந்தரைக்கே வந்து நிற்கிறதே என்றால், அதை இறக்க யாரை வைப்பது என்பது நிர்வாகத்தின் கவலை.

வேலை நேரம் என்றால் ஸ்டீயரிங் பிடித்திருக்கும் நேரம் மட்டும் என்று பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். லோடு ஏற்றுவது, இறக்குவது, வண்டியைப் பொறுப்பேற்பது, கொண்டுபோய் நிறுத்துவது, வசூலான பணத்தைக் கட்டுவது, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது எல்லாமே அந்தச் சட்டப்படி வேலை நேரம்தான். பார்சலுக்கு வாங்கிய பணத்தை ராத்திரி எண்ணிக் கொடுக்க முக்கால் மணி நேரம் காத்திருக்கிறீர்களே, அதுவும் சேர்த்தி. இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். ‘எட்டு மணி நேரம்தான் ஓட்டுகிறேன்’ என்கிற பாதிப் பேர் ஏற்கெனவே பத்தைத் தொட்டிருப்பார்கள். அதற்கு மேல்தான் அந்த விருப்ப டிரிப் வருகிறது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1961 சட்டம் உட்பட 13 சட்டங்கள் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கிவிட்டன. முரண்படாத பழைய விதிகள் தொடரும். நாளைக்கு எட்டு மணி நேரம், கூடுதலுக்கு இரட்டைக் கூலி என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: தொழிலாளியின் சம்மதம் இருந்தால்தான் கூடுதல் நேரம் வேலை வாங்கலாம். இந்த ஒரு வரியை வைத்துத்தான் இப்போது எல்லா இடத்திலும் ‘சம்மதத் தாள்’ சுற்றுகிறது என்று நினைக்கிறேன். அந்த வரிக்கு அடுத்த வரியையும் படிக்க வேண்டும். மொத்தம் எத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை செய்யலாம் என்று அரசு எல்லை வகுக்கலாம் என்கிறது அது. ஆக, சம்மதம் என்பது ‘முடியாது’ என்று சொல்ல உங்களுக்குக் கொடுத்த உரிமை. சம்மதித்துவிட்டால் எல்லையே கிடையாது என்று அதற்கு அர்த்தமில்லை. கதவைத் திறக்கிற சாவி உங்கள் கையில் இருக்கிறது, அதற்காக வீட்டுச் சுவரை இடிக்க முடியுமா?

ஒப்பந்தத்துக்கும் இதே கணக்குத்தான். சட்டத்தைவிட நல்லது தருகிற ஒப்பந்தம் செல்லும், சட்டத்தைவிடக் குறைத்துத் தருவது செல்லாது. சங்கத்தோடு போட்ட ஒப்பந்தமே அப்படி என்றால், சூப்பர்வைசர் மேஜையில் தனி ஆளிடம் வாங்கிய தாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த ‘விருப்பம்’ என்ற சொல் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது ஞாபகம் இருக்கிறதா? 12 மணி நேர வேலைக்கு வழி செய்கிற மசோதா. விருப்பமுள்ள தொழிலாளர்களுக்கு மட்டும்தான் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். எல்லாச் சங்கங்களும் எதிர்த்தன, ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மே 1 அன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923இல். சரியாக நூறு வருடம் கழித்து அதே நாளில் எட்டு மணி நேரத்தைப் பற்றி மறுபடி ஓர் அறிவிப்பு. அன்று சங்கங்கள் கேட்டதுதான் உங்களுக்கும் பொருந்துகிற கேள்வி: வேலை கொடுப்பவன் கேட்கும்போது, வேலை செய்பவனின் விருப்பம் எவ்வளவு தூரம் அவனுடைய விருப்பம்?

உங்கள் ஹப்பிலேயே பாருங்கள். கோத்தகிரி பஜார் ரூட் யாருக்கு, கொடநாடு பக்கம் எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறி இறங்கும் ரூட் யாருக்கு என்று முடிவு செய்வது யார்? தாளை நீட்டுகிற அதே சூப்பர்வைசர்தான். இன்று கையெழுத்துப் போடாதவனுக்கு நாளைக்கு எந்த ரூட் விழும் என்று சொல்ல ஜோசியக்காரன் வேண்டாம். முதல் வாரம் ஐந்து பேர் விரும்பிப் போட்டார்கள். மூன்றாவது வாரம் எட்டாவது ஆள் போடும்போது அதில் விருப்பம் எத்தனை சதவீதம், பயம் எத்தனை சதவீதம் என்று அவருக்கே தெரியாது. ஒப்பந்த முறையில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது, நீட்டிய இடத்தில் போடுவார்கள்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். கணக்குச் சுலபமாக வருவதற்காக மாதச் சம்பளம் 18,720 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26ஆல் வகுத்தால் நாளைக்கு 720, எட்டால் வகுத்தால் மணிக்கு 90. இரட்டைக் கூலி என்றால் மணிக்கு 180. உங்கள் சாயங்கால டிரிப், லோடு ஏற்றுவதிலிருந்து பணம் கட்டுவது வரை, நாலு மணி நேரம் ஆகும் என்றால் வர வேண்டியது 720. அதாவது நாலு மணி நேரக் கூடுதலுக்கு ஒரு முழு நாள் சம்பளம். கையில் வருவது 400. ஒரு டிரிப்புக்கு 320 ரூபாயை நீங்கள் கம்பெனிக்குத் தானம் செய்கிறீர்கள், அதையும் விருப்பத்தோடு. வாரத்துக்கு மூன்று டிரிப் என்றால் நாலு வாரத்தில் 3,840 ரூபாய். அது உங்கள் வீட்டுக் கடன் தவணையில் பாதியாவது இருக்கும்.

முழு இரட்டைக் கூலி வந்தால்கூட ஒன்றை மறக்கக் கூடாது. ஓ.டி. பணம், அதாவது கூடுதல் நேரக் கூலி, பொதுவாக பி.எஃப். கணக்கில் சேராது, கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கிலும் சேராது. கிராஜுவிட்டி பெரும்பாலும் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் வைத்துத்தான். பதினைந்து வருடம் ராத்திரி பகல் பார்க்காமல் ஓ.டி. ஓட்டியவரும், ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக ஓட்டாதவரும் ஓய்வு பெறும்போது ஒரே தொகையை வாங்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஓ.டி. ஓட்டியவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது முதுகுவலி. நிர்வாகத்துக்கு ஓ.டி. ஏன் பிடிக்கும், அடிப்படைச் சம்பள உயர்வு ஏன் பிடிக்காது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சம்பளம் போதாததால்தான் நீங்கள் தாளில் கையெழுத்துப் போடுகிறீர்கள்; நீங்கள் போடுகிறவரை சம்பளத்தைக் கூட்ட அவர்களுக்கு அவசியம் வராது.

ஆளைக் கூட்டவும் அவசியம் வராது. எட்டு டிரைவர்கள் வாரத்துக்கு ஆறு மணி நேரம் கூடுதலாக ஓட்டினால் 48 மணி நேரம். அது அச்சு அசலாக ஓர் ஆளின் வேலை. நம் பையன்கள் லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலை தேடி இறங்கிப் போகிறார்கள். அந்த வேலை இங்கேயே எட்டுத் துண்டாக வெட்டப்பட்டு விருப்பத் தாள்களில் கிடக்கிறது.

இதே பிரச்சினை அமெரிக்காவில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது உதவும். அங்கே யு.பி.எஸ். பார்சல் கம்பெனியில் டீம்ஸ்டர்ஸ் சங்கத்துக்கு 2023இல் சுமார் 3,40,000 பேர் இருந்தார்கள். அவர்கள் ஒப்பந்தத்தில் ‘ஒன்பதரை பட்டியல்’ என்று ஒன்று உண்டு. அதிக நேரம் வேண்டாம் என்கிற டிரைவர் அந்தப் பட்டியலில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பெயர் போட்டவரை வாரத்தில் மூன்று நாள் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வைத்தால் புகார் கொடுத்து அபராதக் கூலி வாங்கலாம். கூடுதல் பணம் வேண்டும் என்கிறவர் பட்டியலில் சேராமல் இருக்கலாம். 2023 ஒப்பந்தத்தில், விடுமுறை நாளில் டிரைவரைக் கட்டாயப்படுத்தி வரவழைக்க முடியாது என்பதையும் வாங்கினார்கள். ஆக, விருப்பத்துக்கு அங்கே இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு வெளியே அரசாங்கத்தின் விதி ஒன்று நிற்கிறது: பெரிய வண்டி ஓட்டுகிறவர் ஏழு நாளில் 60 மணி நேரமோ, தினமும் வண்டி ஓடும் கம்பெனி என்றால் எட்டு நாளில் 70 மணி நேரமோ டூட்டி முடிந்தபின் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. இதை ‘நான் விரும்புகிறேன்’ என்று சொல்லி யாரும் தாண்ட முடியாது.

இரண்டு வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் வேலி டிரைவரின் வசதிக்காக, அதை அவரே திறந்துகொள்ளலாம். வெளி வேலி ரோட்டுக்காக, அதன் சாவி அவரிடம் இல்லை. உங்கள் சண்டையில் நீங்களும் செயலாளரும் வேறு வேறு வேலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எட்டுக்கும் பத்துக்கும் நடுவில், அதிகாரியின் அனுமதி இருந்து நீங்களும் விரும்பினால் ஓட்டலாம், அது உள் வேலி. பத்து, 54, 12 மணி நேர எல்லை, ஒன்பது மணி நேர ஓய்வு இவையெல்லாம் வெளி வேலி.

ரோட்டுக்காக என்று ஏன் சொல்கிறேன்? மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லட்டிப் பக்கம் போனால் 36. சமவெளியில் பத்து மணி நேரம் ஓட்டுவதும் இங்கே பத்து மணி நேரம் ஓட்டுவதும் ஒன்றா? இறக்கத்தில் செகண்ட் கியரில் பிடித்து இறக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் கியரை மாற்றச் சோம்பல்பட்டு பிரேக்கிலேயே காலை வைத்திருப்பான், பர்லியாறு வருவதற்குள் லைனிங் கருகுகிற வாடை வரும். சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக மாற்றிவிடுவார்கள், அதில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடும். சாயங்காலத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு முன்னால் நிற்கிற காட்டுமாடு தெரியாது. நான் ஓட்டிய காலத்தில் ஒன்பது மணி நேரத்துக்குப் பிறகு என் இடது கால் கிளட்சில் நடுங்கத் தொடங்கும். முப்பது வயதில் அது தெரியாது, நாற்பத்தைந்தில் தெரியும்.

‘என் உடம்பு’ என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் வளைவில் எதிரே ஏறி வருகிற பஸ்ஸில் இருப்பவர்களின் உடம்பு உங்களுடையதில்லையே. நமக்கே பழக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் எல்லையே வைத்தது. வருகிற சுற்றுலாப் பயணி ஒவ்வொருவரும் விரும்பித்தான் வருகிறார், சொந்தக் காசில்தான் வருகிறார். ‘நான் விரும்பி வருகிறேன், எனக்கு ஏன் எல்லை?’ என்று அவர் கல்லாறு சோதனைச் சாவடியில் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? ரோடு உனக்கு மட்டும் சொந்தமில்லை ஐயா என்போம். (ஹோட்டல்காரர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், அது தனிக் கதை.)

எல்லை தாண்டி ஓட்டி ஏதாவது நடந்துவிட்டால் முதலில் மாட்டுவது யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில், கவனக் குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டாக இருந்தது. வழக்கு டிரைவர் மேல். அப்போது அந்த விருப்பத் தாள் நிர்வாகத்தின் கோப்பிலிருந்து வெளியே வரும், ‘நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை, அவராகத்தான் கேட்டார்’ என்று காட்ட. இன்னொரு பக்கம், டிரிப் ஷீட்டில் ஏறாத விருப்ப டிரிப்பில் உங்களுக்கே அடிபட்டால், அது வேலை நேரத்தில் நடந்தது என்று நிரூபிக்க உங்கள் வீட்டுக்காரம்மா அலைய வேண்டியிருக்கும்.

நிர்வாகம் சொல்கிற ஒரு சாக்கையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வண்டி பழுது, போக்குவரத்துத் தடங்கல், இயற்கைச் சீற்றம் வந்தால் எல்லையைத் தாண்டலாம் என்று 1961 சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் பாதையில் மண் சரிந்து நடுவழியில் வண்டி நின்றால் அது நியாயமான விலக்கு. பத்து மணி நேரம் ஆயிற்று என்று வண்டியை மரப்பாலத்தில் விட்டுவிட்டு வர முடியாது. ஆனால் மே மாதம் மலர்க் கண்காட்சி நெரிசலையும் இதே கணக்கில் எழுதுவார்கள். ஆண்டுதோறும் காலண்டர் பார்த்து வருகிற நெரிசல் எப்படி எதிர்பாராத தடங்கல் ஆகும்? ஒரு தடவை பேச்சுவார்த்தையில் இதைக் கேட்டபோது எதிர்த் தரப்பு மேனேஜரே சிரித்துவிட்டார்.

இப்போது சங்கத்தின் பக்கத் தப்பு. அது என்னுடைய தப்பும்கூட. ஒரு வருடம் சீசனில் ‘யாரும் ஒரு மணி நேரம்கூட ஓ.டி. எடுக்கக் கூடாது’ என்று தீர்மானம் போட்டோம். நான்தான் எழுதினேன், கைதட்டலும் வாங்கினேன். என்ன நடந்தது? ஓ.டி. நின்றது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம், பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டியவர்கள் எங்கே போவார்கள்? டூட்டி முடிந்ததும் ராத்திரியில் டூரிஸ்ட் டாக்சிக்கு ஆக்டிங் டிரைவராகப் போனார்கள். எங்கள் ரெஜிஸ்டரில் எட்டு மணி நேரம், உடம்பில் பதினைந்து. ஒரு விடிகாலை கட்டபெட்டுப் பக்கம் எங்கள் உறுப்பினர் ஒருவர் வேனைச் சாக்கடையில் இறக்கிவிட்டார். யாருக்கும் அடியில்லை, கண் அசந்துவிட்டது, அவ்வளவுதான். அவரை விசாரிக்க உட்கார்ந்தபோது அவர் சொன்னது: ‘அண்ணா, நீங்கள் எல்லையை வைத்தீர்கள், கடனுக்கு எல்லை வைக்கவில்லையே.’ என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் நாங்கள் பட்டியல் முறைக்கு வந்தோம். மாதத் தொடக்கத்தில் கூடுதல் டூட்டி வேண்டுமென்கிறவர்கள் சங்கத்திடம் பெயர் கொடுப்பார்கள். சூப்பர்வைசர் ஆளைப் பார்த்துக் கூப்பிட முடியாது. பட்டியலில் சுற்று முறையில் யார் அடுத்ததோ அவருக்குத்தான் போகும். வாரத்துக்கு ஓர் ஆளுக்கு இரண்டு தடவை. எட்டு மணி நேரம் முடிந்த பிறகு அதிகபட்சம் இரண்டு மணி நேரம், இரட்டைக் கூலி, டிரிப் ஷீட்டில் நேரம் ஏறியிருக்க வேண்டும். பெயர் கொடுத்தவர் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். இருட்டிய பிறகு மலை இறங்கும் டிரிப் பட்டியலிலேயே கிடையாது. இதில் நாங்கள் கஷ்டப்பட்டு வாங்கியது ஒன்றுதான்: மூன்று மாதம் தொடர்ந்து கூடுதல் நேரம் எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டினால் ஒரு புது ஆளை எடுக்க வேண்டும் என்ற வரி. முதல் வருடம் எழுத மாட்டேன் என்றார்கள். இரண்டாவது வருடம் எழுதினார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேரை எடுத்தார்கள், ஒருவர் கூடலூர்ப் பையன், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம்.

பட்டியலுக்கும் குறை உண்டு. உண்மையிலேயே நெருக்கடியில் இருப்பவருக்கு வாரத்துக்கு இரண்டு தடவை போதாது. கடன் முற்றியவர்களுக்காகச் சங்கத்தில் ஒரு சிறு கைமாற்று நிதி வைத்தோம், அது சில மாதம் வறண்டும் போயிருக்கிறது. ஆனாலும் ரகசியமாக டாக்சி ஓட்டுவது குறைந்தது, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

பேட்டா பற்றி ஒரு வார்த்தை. டிரிப்புக்கு இவ்வளவு என்று கொடுக்கும்போது வேகமாக ஓட்டினால் லாபம் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். ஐரோப்பாவில் 2006இல் வந்த டிரைவர் நேர விதிகளில், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு சரக்கு என்று பார்த்துப் பணம் கொடுப்பது ரோட்டுப் பாதுகாப்பைக் கெடுக்கும் என்றால் அப்படிக் கொடுக்கக் கூடாது என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே சட்டம் அந்த அளவு போகவில்லை. இருக்கிற சட்டமே நடைமுறையில் இல்லை என்பதைக் கவனித்து, டிரைவர்களின் எட்டு மணி நேர விதியைச் செயல்படுத்த வழி காணும்படி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் ஒப்பந்தத்தில் ‘பேட்டா’ என்ற சொல் வந்தால் அதை ‘மணிக் கணக்கில்’ என்று மாற்றச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான் தம்பி. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கூடுதல் டூட்டி வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். ‘எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஓட்டத் தயார், இரட்டைக் கூலி, நேரம் டிரிப் ஷீட்டில் ஏற வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்து, அதற்கு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்ட ஐந்து பேரையும் துரோகி என்று பார்க்காதீர்கள். அவர்களிடம் தேதி, டிரிப், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வாங்கிய பேட்டா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஹப்பில் பார்சல் ஸ்கேன் செய்த நேரம் போனில் இருக்கும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். பாக்கி வர வேண்டிய பணத்துக்கு அதுதான் ஆதாரம். செயலாளர் அந்த நோட்டோடு நிர்வாகத்திடம் போகட்டும், அங்கே முடியவில்லை என்றால் குன்னூரில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது.

செயலாளரிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டாம். அந்த ஐந்து பேரில் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். ‘இடமில்லை’ என்று சொன்னவரிடம் பட்டியல் முறையைக் கேளுங்கள். முதலில் கோபப்படுவார். நானும் பட்டேன். அடுத்த பொதுக்குழு எப்போது என்று கேட்டு, பட்டியல் முறையை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டாவது சீசன் செப்டம்பரில் தொடங்குகிறது, அதற்குள் முடித்துவிட்டால் தீபாவளி லோடு வரும்போது சூப்பர்வைசர் கையில் தாள் இருக்காது.